புள்ளிக்குட்டி

டப்பாப் பாலில் அரிசியை வேகவைத்து உலர்திராட்சை தூவினால், வயோமிங்கில் அதற்குப் ‘புள்ளிக்குட்டி’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் முகாமில் அதுதான் விருந்து. சமையல்காரி நான்தான்; ஆனால் நான் செய்தால் மட்டும் அது குழைந்து பசையாகிவிடும். எலும்பு தோண்ட வந்த எட்டுப் பேருக்கும் அதைக் கிண்டல் செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காது.

டாக்டர் ஆல்டன் பிரைஸ் மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தானே சொல்வதற்கு! பல் பிடுங்கும் தொழிலை விட்டுவிட்டு, செத்து யுகங்களான ராட்சதப் பல்லிகளின் எலும்பைத் தேடி வந்த மனிதர். அந்த வருஷம் அவருக்குக் கத்தி கழுத்தில் இருந்தது. ரயிலில் அனுப்பிய இரண்டு தொடை எலும்புகளும் கிழக்கே போய்ச் சேர்வதற்குள் சரளைக்கல்லாகிவிட்டன. மூன்றாவதும் நொறுங்கினால் கடையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடும்படி, அவரை அனுப்பிய அருங்காட்சியகத்துப் பேராசிரியர் எழுதிவிட்டார். அந்த மூன்றாவது, ஆறடி எலும்பு, தொட்டாலே உதிர்ந்தது.

அப்படி ஒரு ஞாயிறன்று எட்டுப் பேரில் ஒருவனான ஜெப் ஆரம்பித்தான். “அக்கா, இன்னிக்குக் குட்டியக் கரண்டியால எடுக்கணுமா, கடப்பாரையாலயா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பசையில் ஊறிக் கிடந்த பாத்திரத் துணியை எடுத்து அவன் மேல் வீசினேன். குறி தப்பி வெளியே ஒரு கல்மேல் விழுந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டர் அந்தத் துணியைத் தூக்கினார். கல்லும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

“டுரூசில்லா! இதுல என்னத்தப் போட்ட?”

“அரிசிதாங்க டாக்டரய்யா. வேணும்னு குழைய விடல.”

“இப்ப வேணும்னே குழைய விடு! மொத்த மூட்டையையும் அடுப்புல ஏத்து!”

“நேத்து மிச்சம் இருக்கு. திராட்சை கிடக்குமே?”

“கிடந்தா கிடக்கட்டும், கொண்டா!”

மாவுச் சாக்குகளைக் கிழித்து, பசையில் தோய்த்து, எலும்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினோம். இரண்டு நாள் வெயிலில் அது பலகையாக இறுகியது. எட்டுப் பேரும் தூக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பொடி உதிரவில்லை.

எதில் சுற்றி அனுப்புகிறார் என்பதையும் பெட்டிமேல் எழுதுவது டாக்டரின் வழக்கம். ‘தொடை எலும்பு ஒன்று, புள்ளிக்குட்டியுடன்’ என்று எழுதினார். எங்களில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அதற்கு வேறு பெயர் ஏது?

இரண்டு மாதம் பதிலே இல்லை. எலும்பு நொறுங்கியிருந்தால் என் பசைதான் அவரைக் கவிழ்த்தது என்றாகிவிடும். கடைசியில் கடிதம் வந்தது. டாக்டர் பிரித்து, உரக்கப் படித்தார்.

‘எலும்பு முழுதாக வந்து சேர்ந்தது. வேலையைத் தொடரவும். ஆனால் பெட்டிமேல் குறிப்பிட்ட குட்டியைக் காணவில்லை. மூன்று நாள் தேடியும் பழந்துணியும் சில உலர்திராட்சைகளுமே கிடைத்தன. தவிர, அதன் தோலில் புள்ளி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?’

ஜெப் தரையில் உருண்டு சிரித்தான். டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

அங்கேயே உட்கார்ந்து அவர் பதில் எழுதினார்: ‘குட்டியைத்தான் நீங்கள் உரித்து எறிந்துவிட்டீர்கள். பாதகமில்லை. தாய் இங்கே அடுப்படியில் நலமாக இருக்கிறாள்.’