மாமாவின் கால்கள் நிற்கும் இடம்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கையின் மூன்று வீட்டுப் பெண்களுக்கு உலகத்தைப் பற்றி என்ன தெரியலாம் என்று தீர்மானித்தவை என் மாமனார் ஏரம்புவின் கால்கள்.

சண்டையால் மின்சாரம் நின்று பத்து மாதம் ஆகியிருந்தது. பற்றரி தீவுக்குள் வர அனுமதி இல்லை. மாமா தன் சைக்கிளை விறாந்தையில் ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்திருந்தார். அவர் மிதித்தால் அது பேசும். நிறுத்தினால் ஊமை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு வைத்தியர் பேசுவார். பக்கத்து வீட்டுச் சின்னாச்சியும் முன்வீட்டு யோகம்மாக்காவும் கேட்க வந்துவிடுவார்கள். சித்திரையில் அவர் எயிட்ஸ் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"நுளம்பு கடிப்பதால் பரவாது. கைகொடுப்பதால் பரவாது. ஒரே கோப்பையில் குடிப்பதாலும் பரவாது. இது பரவுவது எப்படியென்றால்..."

மாமாவின் கால்கள் நின்றன.

"கால் விறைச்சுப்போச்சு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மூன்று நிமிடம் கழித்து மிதித்தார். வைத்தியர் நேயர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த மூன்று நிமிடம்தான் தேவைப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் தந்துவிட்டுப் போன கடிதம் என் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. எழுதியவர் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்யும் என் கணவர் செல்வரத்தினம். கப்பலில் இரத்தம் சோதித்தார்களாம். எயிட்ஸ் கிருமி இருக்கிறதாம். வேலையால் நிறுத்திவிட்டார்களாம். 'ஆடி மாதம் வருவன். நீர் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், ஐயாவுக்கும்கூட' என்று, மாமாவையும் சேர்த்து, முடித்திருந்தார்.

அவரை வீட்டுக்குள் எடுப்பதா, எந்த அளவுக்கு எடுப்பதா என்று நான் ஆடிக்குள் அறிய வேண்டும். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்ற அடுத்த கேள்வி வரும்.

அடுத்த வெள்ளியும் கால் அதே இடத்தில் விறைத்தது. மாமா திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவருடைய கால்களுக்கு அவரைவிடக் கூச்சம் அதிகம். தாய்ப்பால் என்ற சொல்லுக்குக் கால் நிமிடம் நிற்கும். கர்ப்பம் என்றால் அரை நிமிடம். இதற்கு மூன்று நிமிடம். ஆகவே இது அறைக்குள் நடக்கும் காரியம் என்பதை வைத்தியர் சொல்லாமலே அறிந்துகொண்டேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

வாசல் படலையடியில் சின்னாச்சி கணக்குப் பார்த்தாள். "நுளம்பு இல்லையாம், கோப்பை இல்லையாம், கை இல்லையாம். அப்ப என்னத்தாலயடி வருது?"

"ஏரம்பண்ணை மிதிக்காததால" என்றாள் யோகம்மாக்கா.

சின்னாச்சி தானே ஒரு முடிவுக்கு வந்தாள். வெளிநாட்டில் பிறந்த நோய், வெளிநாட்டுச் சாமானில்தான் வரும். மகன் பிரான்சிலிருந்து முன்பு அனுப்பிய, குளிக்கிற சவர்க்காரக் கட்டிகளை முற்றத்தில் பாய் விரித்து, மிளகாய் காயப்போடுவதுபோல் மூன்று நாள் வெயிலில் வைத்தாள். காகம் ஒன்று ஒரு கட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் காகத்துக்காக அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள்.

நான் சிரித்தேன். பிறகு அறைக்குள் போய், கணவர் எனக்கு அனுப்பிய சவர்க்காரத்தை எடுத்து யன்னலில், வெயில் படும் பக்கமாக வைத்தேன். 

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாமாவின் கால் நின்றபோதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சுவிட்டது. தெரியாதவரைக்கும் அவர் என் கணவராக மட்டுமே வந்துகொண்டிருந்தார். தெரிந்தால் வேறு யாரோ ஒருத்தியும் அவரோடு வருவாள். மாமாவைக் குறை சொல்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் வெள்ளி நன்றி சொல்லும்போது வைத்தியர், வரும் வாரம் இந்நோய் பற்றிய கடைசிப் பேச்சு என்றார்.

அடுத்த வெள்ளி மாமா கிணற்றடியில் நின்றபோது, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஆம்பிளைச் சைக்கிளில் ஏறினேன்.

"எங்கை பிள்ளை போறாய்?" என்றாள் யோகம்மாக்கா.

"ஒரு இடமும் இல்லையக்கா."

"அப்ப கெதியாப் போ. அவர் வாறார்."

மாமா ஈரத் துவாயோடு படியில் நின்றார். "இறங்கும் பிள்ளை. கால் விறைக்கும்."

"விறைக்கேல்லை மாமா."

வேகமாக மிதித்தேன். றேடியோ கத்தியது. உடலுறவால் பரவும் என்றார் வைத்தியர். சின்னாச்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள், காதை மூடவில்லை. நோயுள்ளவரின் இரத்தத்தால் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவலாம். கணவனுக்கு இருந்தால் என்ற இடம் வந்ததும் என் கால்களும் நிற்கப் பார்த்தன. அவற்றுக்கும் கூச்சம் இருந்தது. நான் விடவில்லை. மனைவியும் இரத்தம் சோதிக்க வேண்டும். ஒரே வீட்டில் இருக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். ஆணுறை இல்லாமல்...

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் நின்ற இடத்தை வைத்து நான் அறிந்ததுபோல, என்னுடையவை நிற்காத இடத்தை வைத்து அவர் அறிந்துகொண்டிருந்தார்.

"செல்வரத்தினத்துக்கோ?" என்றார், மெல்ல.

நான் இன்னும் வேகமாக மிதித்தேன். சைக்கிள் ஆடியது, வைத்தியரின் குரல் கிழிந்தது.

அவர் துவாயைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"கொஞ்சம் மெதுவா மிதியும் பிள்ளை" என்றார். "அந்தாள் சொல்லுறது விளங்கேல்லை."