கடைசிச் சுவருக்கு ஒரு முகம்

என் மனைவி முகங்களைப் படம் எடுப்பவள். பத்திரிகைக்காரர்கள் அதைப் பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதுவார்கள். வீட்டில் நாங்கள் இப்படித்தான் சொல்வோம். அமைச்சர், பாடகி, குத்துச்சண்டைக்காரர் என்று அவள் முன்னால் வந்து உட்காராத ஆள் குறைவு. நான் அவளுக்கு விளக்கு போடுகிறவன். கல்யாணத்துக்கு முன்னால் நாடக மேடைக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே ஆளுக்கு என்று ஆகிவிட்டது.

அவள் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்களுடையது பழைய பெட்டிக் கேமரா. ஒரு தடவைக்கு ஒரு பிலிம். அதன் மேல் ஒரு மூடி இருக்கும். அதை உருவினால்தான் படம் விழும். இவள் மூடியை உருவாமலே முதல் தடவை சொடுக்குவாள். "அவ்வளவுதாங்க, முடிஞ்சுது. ரொம்ப நன்றி" என்பாள். எதிரே இருப்பவர் மூச்சு விடுவார், தோள் இறங்கும், முகத்தில் மாட்டியிருந்ததை எல்லாம் கழற்றி வைப்பார். இவள் சாமானை எடுத்து வைக்கிற பாவனையில் மூடியை உருவி, விரலிடுக்கில் இருக்கும் கேமரா ஒயரின் பொத்தானை அழுத்துவாள். அதுதான் படம்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்றால், ஆமாம், ஏமாற்று வேலைதான். அதற்கு ஈடாக அவளே ஒரு விதி வைத்திருந்தாள். மறுநாள் உட்கார்ந்தவரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டுவாள். மேஜையில் கத்தரிக்கோல் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் நெகட்டிவை அவரே வெட்டிப் போட்டுவிட்டுப் போகலாம், காரணம் கேட்கமாட்டோம். ஒரு நீதிபதி வெட்டினார். ஒரு நடிகை வெட்டிவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து அழுதார். பேட்டிகளில் இவள் கத்தரிக்கோலைப் பற்றி மட்டும் சொல்வாள். மூடியைப் பற்றி உட்கார்ந்தவர்களும் சொல்வதில்லை. ஏமாந்த கதையை யார் வெளியே சொல்வார்கள்?

அவள் தொழிலைத் தொடங்கியது அவளுடைய அக்கா கடையில். பேருந்து நிலையத்துக்கு எதிரே, பாஸ்போர்ட் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் பேர்போன ஸ்டூடியோ. நெகட்டிவ் மேல் பென்சிலால் தொட்டுத் திருத்துவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணுக்கடியில் இருக்கிற கருப்பு, அம்மைத் தழும்பு, இரட்டைத் தாடை எதுவும் அந்தப் பென்சிலைத் தாண்டி வெளியே வராது. தங்கை ஒரு நாள், ஒரு மணப்பெண் கொட்டாவி விட்டு முடித்த நொடியை எடுத்து, திருத்தாமல் ஒரு போட்டிக்கு அனுப்பிவிட்டாள். முதல் பரிசு. பெண் வீட்டார் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். அக்கா சத்தத்தை வாங்கிக்கொண்டார். தங்கை பரிசை வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே கடையை விட்டு வந்துவிட்டாள். பேச்சு ஒன்றும் நிற்கவில்லை. நல்லது கெட்டதுக்குப் போவோம், வருவோம். தொழிலைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை.

போன வருடம் ஒரு அருங்காட்சியகம் அவளுடைய மொத்தப் படங்களையும் வைக்க முன்வந்தது. கூடவே ஒரு புத்தகம். கடைசிச் சுவர் முழுவதும் ஒரே ஒரு புதுப் படம். புத்தக அட்டையும் அதுவே. யாரை எடுப்பது என்று ஆளாளுக்குப் பெரிய பெயராகச் சொன்னார்கள். இவள் "அக்கா" என்றாள்.

"வருவாங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க கூப்பிடுங்க. மாப்பிள்ளை கூப்பிட்டா தட்டமாட்டா."

வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே முதுகை நிமிர்த்தி, தாடையைச் சற்று இறக்கி, லென்சை நேராகப் பார்த்தார்.

"என்னக்கா, ஜெயில்ல படம் புடிக்கிற மாதிரி உக்காந்திருக்கே?"

"இப்படி உக்காந்தவங்கதான்டி எனக்கு சோறு போட்டாங்க. உனக்கும்தான். மாப்பிள்ளை, இது என்ன லைட்டு, மூஞ்சியில பாதியைக் காணோம்? பாதி மூஞ்சிக்கு பாதி ரேட்டா?"

சொடுக்கு விழுந்தது. "முடிஞ்சுதுக்கா. போதும்."

அக்கா மூச்சு விட்டார். சுவரில் மாட்டியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அமைச்சர், பாடகி, குத்துச்சண்டைக்காரர். கடைசியில் பார்வை தங்கை மேல் வந்து நின்றது. இவள் ஒயரை அழுத்தினாள்.

படம் காகிதத்தில் ஏறும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா முகத்தில் இருந்தது பொறாமை. வேறு வார்த்தை கிடையாது. பாசத்தை விட்டுப் பிரியாமல் அதோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்த, பல வருடத்துப் பொறாமை.

"நான் எடுத்ததுலயே இதுதாங்க," என்றாள் என் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "வெட்டிடுவா," என்றாள்.

மறுநாள் அக்கா படத்தைப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"முடிஞ்சுதுன்னு சொன்னியே?"

"அப்பறம்தான்க்கா எடுப்பேன். எல்லாரையும் அப்படித்தான்."

"இது நான் இல்லடி."

"நீதான்க்கா."

"பேட்டி குடுக்கும்போதெல்லாம் கத்திரி கத்திரிங்கறியே, எங்கே அது?"

மேஜையில் இல்லை. காலையில் அவள் அதை எடுத்து இழுப்பறையில் போட்டதை நான் பார்த்திருந்தேன்.

"அது வெளி ஆளுங்களுக்குக்கா. நீ வீட்டு மனுஷி."

"அப்ப ரோட்டுல போறவனுக்கு உண்டான மரியாதைகூட எனக்குக் கிடையாது. அப்படித்தானே?"

என் மனைவி இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

அக்கா நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இரு. பென்சிலைக் குடு. சரி பண்ணிடறேன். உன் படமும் இருக்கும், என் மானமும் இருக்கும்."

ஒரு நெகட்டிவில்கூடப் பென்சில் வைக்காதவள் என்றுதான் இவளுக்குப் பெயரே. என்னைப் பார்த்தாள். நான் என் விளக்கைப் பார்த்தேன்.

"சரிக்கா," என்றாள்.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். நாங்கள் சமையலறையில் காத்திருந்தோம். போட்ட டீ ஆடை கட்டிவிட்டது. வெளியே வந்தபோது பென்சில் முனை சீவியபடியே இருந்தது.

"எங்க கை வைக்கறதுன்னே தெரியல. வாய் ஓரத்தைத் தூக்கினா அசடு மாதிரி இருக்கும். நெத்தியை எளக்கினா யாரோ மாதிரி ஆயிடும். எத்தனை மூஞ்சியை அடக்கியிருக்கேன். என் மூஞ்சி அடங்கல."

"வெட்டிடுக்கா. உன் இஷ்டம்," என்றாள் என் மனைவி. மனசாரத்தான் சொன்னாள்; சொல்லி முடித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அது அப்பறம். புஸ்தகத்துப் பின்னட்டையில உன் படம் போடுவாங்க இல்ல? அதை நான் எடுக்கறேன். என் கடையில, என் லைட்டுல, பென்சில் வச்சு. எடுத்தவ பேருன்னு என் பேரையும் போடணும். சம்மதமா? அதைப் பாத்துட்டு கத்திரியைப் பத்திப் பேசலாம்."

திருத்தாத படங்களின் புத்தகத்துக்குத் திருத்திய படத்தைப் பின்னட்டையாகப் போட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அது மூன்று பேருக்கும் தெரியும். "சம்மதம்," என்றாள்.

கடையில் நல்ல கூட்டம். நீலத் திரைக்கு முன்னால் இவளை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"தாடையை இறக்கு. இன்னும். பெரிய மனுஷின்னா கழுத்து வளையாதோ? கொஞ்சம் சிரி, போதும், பல்லு வேண்டாம்."

சொடுக்கினார். இவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி. இங்க முடிஞ்சுதுன்னா முடிஞ்சுதுதான். பின்னாடி ஆள் நிக்குது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் இவள் எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் படத்தைக் காட்டினார். கண்ணுக்கடியில் இருந்த கருப்பு போயிருந்தது, மோவாய்த் தழும்பு போயிருந்தது. தூக்கம் கெட்டு ஒரு நாளும் விழித்திராத ஒருத்தியின் முகம். கல்லாவில் ஒரு கத்தரிக்கோலும் வைத்திருந்தார்.

"இது நான் இல்லக்கா."

"நீதான்டி. என் கண்ணுக்கு நீ இப்படித்தான் இருக்கே. வெட்டணுமா?"

என் மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்," என்றாள்.

"சரி, என்னுதும் இருந்துட்டுப் போகட்டும். கல்லாவை மறைக்காதே, தள்ளி நில்லு."

பதிப்பாளர் பின்னட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாக, "மேடம் இதுக்கு எப்படிச் சம்மதிச்சாங்க, உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார். அச்சில் எந்த மாற்றமும் செய்யவில்லை.

திறப்பு நாளில் கடைசிச் சுவருக்கு முன்னால் கூட்டம் கலையவே இல்லை. ஒரு கல்லூரிப் பெண் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அம்மா, இது நீங்கதானே? அப்படி எதைப் பாத்துட்டு இருந்தீங்க?"

"என் தங்கச்சியைத்தான். பொறாமையா இருந்துது," என்றார் அக்கா, மீதிச் சில்லறை கொடுக்கிற குரலில்.

தமாஷ் என்று நினைத்துப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். என் மனைவி பக்கத்துத் தூணோரம் நின்றிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. கிட்டே வந்து அக்காவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அக்கா புத்தகக் கட்டிலிருந்து இரண்டு பிரதிகளை உருவினார்.

"ஒண்ணு வீட்டுக்கு. ஒண்ணு கடை ஷோகேஸுக்கு, மாப்பிள்ளை. பின்னட்டை வெளியில தெரியற மாதிரி வைக்கப்போறேன்."