மூக்காயி சொன்னது முழுவதும்

கண்டி நீதிமன்றத்தில் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது மத்தியாசின் வேலை. அன்று முறையிட வந்து கூண்டில் நின்றவள் மூக்காயி, கோப்பித் தோட்டத்துக் கூலிக்காரி. எதிரே கதிரையில் அவளுடைய தோட்டத்துத் துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் நீதவானின் வீட்டு விருந்தாளி என்பது ஊருக்கே தெரியும்.

“என்ன நடந்தது? பயப்படாமச் சொல்லு,” என்றான் மத்தியாஸ்.

“கோப்பி காயப்போட்டுக்கிட்டு இருந்தேங்க. தாகம் தாங்கல. பங்களா வாசல்ல இருந்த பானையில தண்ணி குடிச்சேன். தொரை பாத்துட்டாரு. கறுப்பு வாய் பட்ட பானைன்னு ஒதைச்சு ஒடைச்சாரு. அப்புறம் குதிரைக்குப் போடுற கடிவாளத்தை என் வாயில மாட்டி, களத்து நடுவுல நிக்க வச்சாரு. பொழுது சாயுற மட்டும் நின்னேன். எம் புள்ள பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க.”

மத்தியாஸ் துரையைப் பார்த்தான். துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனுமதியில்லாமல் தண்ணீர் குடித்ததற்குத் தண்டிக்கப்பட்டதாகச் சொல்கிறாள்,” என்று இங்கிலீஷில் சொன்னான். நீதவான் தலையாட்டினார்.

மூக்காயி கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, நான் அவ்வளவு சொன்னேன். நீங்க ஒரு மூச்சுல முடிச்சிட்டீங்களே. கடிவாளத்தைச் சொன்னீங்களா? இன்னொரு தடவை சொல்லத் தெம்பு இல்லீங்க. இங்க வந்ததுக்கே என்ன செய்வாங்களோ.”

முழுவதும் சொன்னால் மத்தியாசுக்கு வேலை போகும். அதைவிட மோசமாகவும் ஏதாவது நடக்கலாம். தான் முழுவதும் சொல்லவில்லை என்று நீதவானிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் சொன்ன மாதிரியே தொடங்கினான். ‘அவள்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நான்’ என்று வந்தது. என் வாயில் மாட்டினார். என் பிள்ளை பார்த்தது.

“யாருடைய வாயில்?” நீதவான் அதட்டினார்.

“அவளுடைய வாயில், ஐயா.”

கறுப்பு வாய் என்று துரை சொன்னதில் தன் வாயும் சேர்த்திதான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

துரை எதையும் மறுக்கவில்லை. “தோட்டத்தில் ஒழுங்கு வேண்டும்,” என்று மட்டும் சொன்னார்.

நீதவான் அவரைக் கண்டித்தார். மூக்காயி அந்தத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றார். தீர்ப்பு அவ்வளவுதான். மத்தியாசை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே மூக்காயியின் புருஷன் கறுப்பையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“எந்தப் பக்கம் போறதுங்க?” என்று கேட்டான்.

“கலகெதரப் பக்கம் போங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க.”

மூக்காயி கைகூப்பினாள். மூவரும் ஓடாத குறையாகப் போனார்கள். பின்னால் நீதிமன்றப் படிகளில் துரையின் சப்பாத்துச் சத்தம் இறங்கி வந்தது. மத்தியாஸ் திரும்பிப் பார்க்கவில்லை.