கொதிக்க வைத்த பல்

நிச்சயத்தன்று சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குப் பெரியவர் அக்னஸ், அவர் மகள் பிரிஸில்லா, அக்னஸின் தம்பியும் பெண்ணுக்குத் தாய்மாமனுமான பாக்கியநாதன், மாப்பிள்ளை ஜெரமி, ஜெரமியின் தகப்பனார் தங்கராஜு, தாயார் லூர்துமேரி, செபம் சொல்ல வந்த உபதேசியார். வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

அக்னஸ் குடும்பத்துக்குப் பல் ஒரு பெருமை. அவர் தகப்பனார் சாகும்வரை கரும்பைக் கடித்துத் தின்றவர். "எங்க வீட்ல யாருக்கும் பல்லு விழுந்ததில்ல" என்பதை அக்னஸ் கோயில் வாசலில் சொல்லுவார், கல்யாண வீட்டில் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அப்படிப்பட்ட குடும்பத்தில் பல் மருத்துவரிடம் போவது யாருக்கும் தோன்றவில்லை. பாக்கியநாதனுக்குப் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. "இரத்தம் வர்ற இடத்துல பிரஷ் வைக்காதே, ஆறிடும்" என்றார் அக்கா. அவரும் அந்த இடங்களை விட்டுவிட்டுத் தேய்த்தார். ஆறவில்லை. ஈறு வீங்கி, பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்து, ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியது. கடைசியில் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் ஷஹீரா நிதானமாகச் சொன்னாராம்: இரத்தம் வருகிற இடத்தைத்தான் மெதுவாக, விடாமல் தேய்த்திருக்க வேண்டும், முன்பே வந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று. இருந்த சிலவற்றையும் பிடுங்கிவிட்டு மேலும் கீழும் முழு செட்டுக் கட்டிக் கொடுத்தார்கள்.

இது வீட்டைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்பது அக்னஸின் கட்டளை. பல் செட்டு ஊறும் கோப்பைகூடக் குளியலறையில் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால்தான் இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றுதான் வினை தொடங்கியது. ஜெரமி சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலித் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, இப்போது தொழிற்சாலையில் டெக்னிஷியன். மோட்டார் சைக்கிளில் விழுந்து முன்பல் ஒன்று உடைந்ததால் அதன்மேல் உறை போட்டிருந்தார். அக்னஸ் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"தம்பி, அந்த முன்பல்லு சொந்தப் பல்லா?"

பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளதைச் சொன்னார். லூர்துமேரி சிரிக்கவில்லை. "எங்க வீட்ல யாருக்கும்..." என்று அக்னஸ் தொடங்கியபோது பிரிஸில்லா அம்மாவின் காலை மிதித்தார். ஆனாலும் வாக்கியம் முடிந்துதான் நின்றது.

நிச்சயத்தன்று காலை பாக்கியநாதன் குளியலறையில் பல் செட்டைக் கை நழுவவிட்டார். அது தரையில் விழுந்து கழிப்பறைப் பக்கம் உருண்டது. அக்னஸ் எடுத்தார். மருத்துவமனையில் கத்தி, கத்தரிக்கோல்களை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்யும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் கை சும்மா இருக்குமா?

"அக்கா, சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணியில கழுவுனாப் போதும். சுடுதண்ணி வேணாம்னு டாக்டர் சொன்னாங்க."

"கக்கூஸ்ல விழுந்த சாமான கொதிக்க வைக்காம வாயில வைப்பியா? டாக்டரம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கொதிக்க வச்சவ. போய்ச் சட்டைய மாத்துலா."

பல் செட்டு சட்டியில் நன்றாகவே கொதித்தது. எடுத்தபோது பளிச்சென்று இருந்தது. பாக்கியநாதன் வாயில் வைத்ததும் மேல்செட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது; வாயைத் திறந்தால் கீழே விழுந்தது. கீழ்செட்டு ஈறைக் குத்தியது. வெந்நீரில் அது இளகி வளைந்துபோயிருந்தது. அப்போதுதான் கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. லிஃப்ட் வேலை செய்யாததால் சம்பந்தி வீட்டார் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

"வாய மூடிக்கிட்டே இரு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அக்னஸ்.

எதை அப்புறம் பார்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்த களைப்பு ஒரு பக்கம். கணவர் போன பின் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய் நிமிர்ந்து நின்று செய்த களைப்பு இன்னொரு பக்கம். அது எலும்பிலேயே ஊறியிருந்தது. ஆனாலும் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார்.

உபதேசியார் சிலுவை அடையாளம் வரைந்து பரலோக மந்திரம் சொன்னார். அடுத்தது தாய்மாமன் முறை. அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் எழுந்து நின்று, பெண்ணின் முப்பாட்டனார் பெயரிலிருந்து சொல்லி வந்து, "எங்கள் பெண்ணை உங்கள் வீட்டுக்குத் தருகிறோம்" என்று வாயால் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். சொல்லாமல் தட்டு மாறாது. இந்த வழக்கத்தைப் போன மாதமே தொலைபேசியில் விளக்கி, "எங்க வீட்ல வாய்வார்த்தைதான் முக்கியம்" என்று அழுத்திச் சொன்னவரும் அக்னஸ்தான்.

பாக்கியநாதன் எழுந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நின்றார். பேசவில்லை.

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். பிரிஸில்லா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னாங்க, பேர் மறந்து போச்சா?" என்றார் தங்கராஜு, சிரிப்பதுபோல.

பாக்கியநாதன் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"மறக்கலங்க" என்றார் லூர்துமேரி. "வாய் வரல. தோட்டத்துச் சனத்துக்குப் பொண்ணு கொடுக்கறோம்னு சொல்ல வாய் வரல. அன்னைக்கு எம்புள்ள வாயப் புடிச்சுப் பாத்தாங்க. இன்னைக்கு அவங்க வாய மூடிக்கிட்டாங்க."

"அம்மா, விடும்மா" என்றார் ஜெரமி.

"நீ சும்மா இருலா. கார்ச் சாவிய எடு." தங்கராஜு எழுந்துவிட்டார்.

பிரிஸில்லா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அழவில்லை. கெஞ்சவுமில்லை. 'நீங்கள் எப்போதும் இப்படித்தான்' என்கிற சலிப்பு மட்டும் அந்த முகத்தில் இருந்தது. அக்னஸுக்கு அந்த முகம் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான்.

ஒரு பக்கம் குடும்பப் பெருமை. இன்னொரு பக்கம் மகள். இரண்டையும் சேர்த்துத் தூக்கி நிற்க அவரிடம் பலம் மிச்சமில்லை.

"உக்காருங்க சம்பந்தி" என்றார். குரல் மட்டும் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. "என் தம்பிக்குப் பல்லு இல்ல. ஒண்ணுகூட இல்ல. கட்டுன செட்ட இன்னைக்குக் காலையில நான்தான் கொதிக்க வச்சுக் கெடுத்தேன். வேணாம்னு அவன் சொன்னான். நான் கேக்கல."

தங்கராஜு நின்றபடியே பாக்கியநாதனைப் பார்த்தார். பாக்கியநாதன் வாயில் இருந்ததைக் கைக்குட்டைக்குள் எடுத்து, அதை விரித்தார். உள்ளே வளைந்த பல் செட்டு இரண்டும் இருந்தன.

"அப்போ வீட்ல யாருக்கும் பல்லு விழுந்ததில்லன்னு சொன்னது?" லூர்துமேரி விடவில்லை.

"சும்மா சொன்னது. உங்க பிள்ளை கேட்டதும் உள்ளதச் சொல்லுச்சு. நான் சொல்லல."

பிறகு ஜெரமி மெல்லக் கேட்டார். "மாமா, சட்டியில கறியோட சேத்தா கொதிக்க வச்சாங்க?"

முதலில் சிரித்தவர் பாக்கியநாதன். அந்த வெறும் வாய்ச் சிரிப்பைப் பார்த்து லூர்துமேரி முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கராஜு உட்கார்ந்தார். "சொல்லுங்கண்ணே. பல்லு எதுக்கு, வார்த்தைதானே வேணும்."

பாக்கியநாதன் சொன்னார். காற்றுதான் பாதி வந்தது. ஆனாலும் முப்பாட்டனாரிலிருந்து ஒரு பெயரையும் விடாமல், நிறுத்தி நிறுத்தி, கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்தார். தட்டு மாறியது.

அக்னஸ் நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். அவர் முதுகு சாய்ந்ததை மகளே அன்றுதான் பார்த்தார். "அம்மா, நாளைக்கு மாமாவக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவோம். நீங்களும் வாங்க, ஈறு காட்டிட்டு வரலாம்" என்றார் பிரிஸில்லா.

"எனக்கு என்னா?"

"உங்க பிரஷ்ல இரத்தம் இருக்கு. நான் பாத்தேன்."

அக்னஸ் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமல்லவா.

தாய்மாமனுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனமில்லை, அதனால்தான் நிச்சய விருந்தில் ஆட்டிறைச்சியைத் தொடவே இல்லை என்று சுங்கை பாக்காப்பில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவரால் மெல்ல முடியவில்லை. பருப்பும் குழைந்த சோறும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.