கடைசி மடக்கு

முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். பதினாலாவது மாடியில் ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். (கம்பி இரண்டு, சாப்பாடு நிஜம்.) அப்பேர்ப்பட்டவனை ஒரு மஞ்சள் பூ நடுங்க வைத்தது.

கொல்லைப்புறச் சிமெண்ட் பாதையின் விரிசலில் டாண்டெலியன் முளைத்திருந்தது. சூரியகாந்திக் குடும்பத்துக் கடைக்குட்டி. மேலே எத்தனை கிள்ளினாலும் பாதாளத்தில் வேர் வைத்து வருஷா வருஷம் திரும்பி வரும். பாதை பெயர்ந்துவிடும், களைக்கொல்லி அடியுங்கள் என்று ஞாயிறுதோறும் மனைவி ஸ்பிரேயரைக் கையில் திணிப்பாள். எனக்கோ அந்தப் பூவில் ரகசியமாக ஒரு டீ போடாமல் பொழுது விடியாது. அதனால் மூக்கில் துணி கட்டி, பெரிய விஞ்ஞானி தோரணையில், மூன்று வாரமாகப் பச்சைத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஞாயிறு, ஸ்பிரேயரில் மிச்சம் கிடந்ததையே அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. பூ டீயின் கடைசி மடக்கு தொண்டையில் இருந்தது. ஜன்னலோரம் நின்ற மனைவி சிரித்தாள்.

“இலை சுருளுது, பாத்தீங்களா? நீங்க அடிச்சது தண்ணின்னு எனக்குத் தெரியாதா? சனிக்கிழமையே அதைக் கொட்டிட்டு நிஜ மருந்தை ஊத்தி வெச்சேன்.”

துணி கட்டியதில் வாடைகூடத் தெரியவில்லை. நேற்று ஒரு கோப்பை, இன்று ஒன்று. கசப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. என் நெஞ்சு அடித்த அடியில் பாத்திரங்கள் குலுங்கின. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். பத்து நிமிஷம் மானத்தின் பக்கம் நின்றேன். பிறகு விரல்கள் மரத்தன.

“அந்தப் பூவைத்தான் குடிச்சேன்” என்றேன்.

அவள் திட்டவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் முறை. மருந்து டப்பாவைப் பையில் போட்டாள், செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்தாள். வழியெல்லாம் என் மணிக்கட்டை விடவில்லை. அந்த மௌனத்தில்தான் நான் உண்மையாகவே செத்துப்போவேன் என்று நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் டப்பாவைப் படித்துப் பார்த்த டாக்டர், ரத்தம் எடுத்து, சாயங்காலம் வரை படுக்க வைத்தார். ஒன்றும் ஆகவில்லை, கிளம்பலாம் என்றார். வாசலைத் தாண்டியதும் அவள் திட்ட ஆரம்பித்தாள். வீடு வரை ஓயவில்லை. ஒவ்வொரு வசவுக்கும் ஒரு விரலில் உயிர் வந்தது.

செடி கருகிப்போயிற்று. ஆனால் போன வாரம் அதே விரிசலில் பல்லுப் பல்லாக ஓர் இலை. இருவரும் பார்த்தோம். அவள் ஸ்பிரேயரை ஏழு முறை கழுவி, என் கண் முன்னாலேயே குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை மறக்காம அடிங்க.”

மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பிடுங்கி அவளும் மோந்து பார்த்தாள்.