குமாரி ரேணுபாலாவின் டைபாய்டு

என்னைப் பெற்றவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அறுபத்தாறு வயதாகிறது எனக்கு, இன்னும் அக்காதான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மாடி அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர்களுக்கும் நாங்கள் சிஸ்டர்ஸ். பால்காரருக்கும் ஆட்டோ ஓட்டுகிற தருமனுக்கும் அக்கா, தங்கச்சி. உண்மை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளுடைய சொந்தப் பெயர் ரேணுகாம்பாள். அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பயிர் வைத்த குடும்பம். கோடம்பாக்கத்தில் காலை வைத்ததும் சினிமாக் கம்பெனிக்காரர்கள் பெயரைச் செதுக்கி 'குமாரி ரேணுபாலா' ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் கதாநாயகி பெயருக்கு முன்னால் குமாரி என்று போட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. இன்னும் கல்யாணம் ஆகாதவள் என்று டிக்கெட் வாங்குகிறவனுக்கு ஒரு நம்பிக்கை இருக்க வேண்டுமாம். படங்கள் நன்றாக ஓடி, ஊர்ச் சுவரெல்லாம் அவள் முகம் ஒட்டியிருந்த சமயத்தில் குமாரிக்கு டைபாய்டு வந்தது. ஓய்வுக்காகச் சொந்த ஊர் போயிருக்கிறார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்த டைபாய்டு நான்தான். அப்பா யார் என்று கேட்காதீர்கள். அந்த ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாய் கெட்டுப்போகும்.

காய்ச்சல் விட்டதும் திரும்பிப் போய் நடித்தாள். பாட்டியிடம் நான் கொஞ்சம் வளர்ந்தபின், கடைசித் தங்கச்சி என்று என்னையும் கூடவே வைத்துக்கொண்டாள். ஷூட்டிங்கில் லைட்பாய் முதல் டிரைவர் வரை எல்லாரும் அவளை வாய் நிறைய 'அம்மா' என்பார்கள். அது மரியாதை. நான் ஒருத்திதான் சொல்லக் கூடாது. ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மேக்கப் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், அதோடு என் நாக்குக்குப் புத்தி வந்துவிட்டது.

புது முகங்கள் வர வர அவளுக்கு வேஷம் இறங்கியது. கதாநாயகியின் தோழி ஆனாள், பிறகு அண்ணி ஆனாள், முப்பத்தைந்து ஆவதற்குள் தலையில் வெள்ளை பூசிக்கொண்டு அம்மா ஆனாள். அவளைவிட வயதில் மூத்த ஹீரோக்கள் எல்லாம் அவள் காலில் விழுந்தார்கள். 'மகனே' என்று அவள் குரல் உடைந்தால் தியேட்டரே மூக்கைச் சிந்தும். கிளிசரின் வேண்டாத நடிகை என்று பேர் வாங்கினாள். அவள் ஊரான் பிள்ளைக்கு அழுது முடிக்கும்வரை நான் வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழவி வேஷத்துக்கு வந்தபிறகாவது அந்தக் குமாரியைக் கழற்றிப் போட்டிருக்கலாம். போடவில்லை. வாய்ப்பு அடியோடு நின்று இந்த ஊருக்குத் திரும்பியபோதும் அதையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

போன தை மாதம் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. தருமன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கூட வந்திருப்பது யார் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், மூச்சு இரைக்க இரைக்க, "தங்கச்சி" என்று அவளே முந்திக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உயிர் போகிற நேரத்தில் கூடவா வேஷம்? இதயம் ரொம்பப் பலவீனம், இன்னொரு வலி தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். இவள் கண்ணை மூடிய பிறகு நான் தேரடியில் நின்று கத்தினாலும் யார் நம்பப்போகிறார்கள்? அவள் வாயால் வர வேண்டும். நாலு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பழைய நடிகைகளைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்கிற ஒரு யூடியூப் சேனலிலிருந்து கவியா என்ற பெண் போன் செய்தது அப்போதுதான். அக்கா உடனே சரி என்றாள். பேட்டி அன்று காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்தப் பொண்ணு பிள்ளைங்களைப் பத்திக் கேக்கும். இன்னிக்காவது உள்ளதைச் சொல்லிடு."

"சொன்னா அடுத்தது இன்னா கேப்பா? அப்பன் யாருன்னு கேப்பா. உன் மூஞ்சியச் சுத்தி செவப்பு வட்டம் போட்டு வீடியோவுக்கு தம்ப்னெயில் வப்பாங்க."

எண்பத்தேழு வயதில் பொழுதன்னைக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். தெரியாதது ஒன்றும் இல்லை.

"வச்சிட்டுப் போறாங்க. என்னை இனிமே எவனுக்காவது கட்டிக்குடுக்கப் போறியா?"

"குமாரின்னே இருந்துட்டேன் ஆதி. அப்படியே போயிடறேன்."

"நீ போயிடுவ. எனக்கு இன்னா வழி?"

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பவுடர் ஜாஸ்தியா தெரியுதா பாரு" என்றாள்.

கவியாவும் ஒரு கேமராக்காரரும் வந்தார்கள். அக்காவின் ரவிக்கையில் மைக்கைக் குத்தியதுதான் தாமதம், முதுகு நிமிர்ந்துவிட்டது. எந்த லைட் எந்தக் கன்னத்தில் விழ வேண்டும் என்று கேமராக்காரருக்கே சொல்லிக்கொடுத்தாள். முதல் படத்தின் கதை, ஸ்டூடியோவில் பிடித்த தீ, காலில் விழுந்த ஹீரோக்கள் என்று அருவி மாதிரிக் கொட்டினாள். நான் கதவோரம் நின்று அந்த ஒரு கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"திரையில இத்தனை பேருக்கு அம்மாவா இருந்தீங்க. நிஜ வாழ்க்கையில?" என்று கேட்டாள் கவியா.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சாமி குடுக்கலம்மா. என் தங்கச்சிதான் எனக்குப் பிள்ளை மாதிரி."

மாதிரி. அந்த வார்த்தையில்தான் எனக்குப் பிடரியில் அறைந்தது போல் ஆனது. யோசிக்காமல் உள்ளே போய்க் கேமராவுக்கு நேராக நின்றேன்.

"மாதிரியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் தங்கச்சி இல்லம்மா. இவங்க என்னைப் பெத்தவங்க. டைபாய்டுன்னு பேப்பர்ல போட்டாங்களே, அப்போ பொறந்தவ நான். கேளு, இவங்களையே கேளு."

கவியா வாயைப் பிளந்துகொண்டு அக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இனி எப்படி மறைப்பாள் என்று நினைத்தேன்.

அக்கா அவசரப்படவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, புறங்கையைத் தடவிக் கொடுத்தாள். கவியாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. கொஞ்ச நாளாவே இவளுக்கு ஞாபகம் சரியில்ல. எங்கம்மா எப்பவோ போயிட்டாங்க, இப்போ என்னைத்தான் அம்மான்னு நெனைச்சிக்கிறா. சில நாள் நானும் சரின்னு விட்டுடுவேன். பாவம், கொழந்த."

சொல்லிக்கொண்டே அழுதாள். இடது கண்ணில் ஒரு சொட்டு திரண்டு, கன்னத்துச் சுருக்கத்தில் கொஞ்சம் நின்று, பிறகு இறங்கியது. கேமராக்காரர் அதை விடாமல் நெருங்கிப் போய் எடுத்தார். கவியா மூக்கை உறிஞ்சினாள். வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்ற காலத்திலிருந்து அவள் அழுததை எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான நடிப்பைப் பார்த்ததில்லை. இனி நான் என்ன பேசினாலும் அது வியாதியின் கணக்கில்தான் போயிருக்கும்.

வீடியோ வந்தது. ஊரே பார்த்தது. தருமன் ஆட்டோவை நிறுத்தி, செவிடியிடம் பேசுவதுபோல, "ஆதிம்மா, வூடு எங்க கீதுன்னு தெரியுதா? கூட்டினு போவட்டா?" என்று கேட்டான். மாடியில் இருக்கிற வெள்ளைக்காரி வாடகைக் கணக்கை அக்காவிடம் போய்ச் சரிபார்க்கிறாள். இத்தனை வருஷம் இந்த வீட்டைக் கட்டி மேய்த்தவள் நான். பூக்காரி கூட முழம் போடும்போது என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறாள். அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன். தட்டை வைப்பேன், மாத்திரையை வைப்பேன், போய்விடுவேன்.

அடுத்த செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். பெஞ்சு நிறையக் கூட்டம். பலர் எங்களை அடையாளம் தெரிந்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நர்ஸ் வந்து, "கூட வந்திருக்கிறது யாருங்க?" என்றாள்.

எனக்கு வெறுத்துப்போய்விட்டது. எப்படியும் பைத்தியம் என்று ஆகிவிட்டது, இனி என்ன வெட்கம்?

"பொண்ணு," என்றேன். "இவங்க எங்க அம்மா."

நர்ஸும் வீடியோ பார்த்திருக்கிறாள் போல. முகம் இளகிவிட்டது. சின்னப் பிள்ளைக்குத் தலையாட்டுவதுபோல், "சரிங்கம்மா, பொண்ணுதான்" என்றாள். கூட்டம் பரிதாபமாகப் பார்த்தது.

அப்போது அக்கா பேசினாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற அவளுடைய பழைய ஸ்டூடியோ குரல்.

"ஆமா. இவ என் பொண்ணு. நான் பெத்த பொண்ணு."

அவள் கண்ணைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. உதடுதான் கட்டுக்கு அடங்காமல் ஆடியது. எத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், நடிக்கும்போது அவள் உதடு ஆடி நான் பார்த்ததே கிடையாது. கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவர் கூட அதை நம்பவில்லை. ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "எவ்ளோ பொறுமை மேடம் உங்களுக்கு" என்றாள்.

"பெத்துட்டேனே," என்றாள் என் அம்மா. "வேற இன்னா பண்றது?"