காசு கேளாத ஆலோசகர்

“ஒரு சதமும் கேக்காத மனிசனை வேண்டாமெண்டு நிக்கிறீர்—”

“கேக்காததுதான் எனக்குப் பயம். கேக்கிற மனிசியை எனக்கு விளங்குது—”

“என்னைக் கொஞ்சம் கதைக்க விடும் நேசம்.”

நேசமலர் விட்டால்தானே. ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் புருசனும் பெண்சாதியுமாக நடத்துகிற சலவைக்கூடத்தின் பின்னறை அது. மேசையில் புருசன் விஜயரத்தினத்தின் தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடந்தது.

வேலையாட்களுக்கு நிறுவனத்தின் மூலம் ஓய்வூதியத் திட்டம் ஒன்று போடவேண்டும். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குள் போகும்; வேலையை விட்டு ஓயும்வரைக்கும் கைவைக்க ஏலாது. எது நல்ல திட்டமென்று பார்த்துச் சொல்ல, அதையே தொழிலாகச் செய்கிற ஆலோசகர் ஒருவர் தேவை. இரண்டு பேர் வந்தார்கள். லிண்டெமான் என்ற ஜேர்மன் பெண்மணி தன்னுடைய நேரத்துக்குக் கூலி கேட்டாள்; காப்புறுதிக் கொம்பனி எதனிடமும் தான் ஒன்றும் வாங்குவதில்லை என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள். மற்றவன் முருகேசன். கோயிலில் கண்டு பழகிய முகம். எங்கட சனத்திட்டைக் கூலி வாங்கிறதோ என்று நெஞ்சில் கைவைத்தான்.

விஜயரத்தினத்துக்கு அதுவே போதும். நேசமலருக்கோ இஸ்திரி மேசையில் நிற்கிற தேவமலர்தான் கண்ணுக்குள் நின்றாள். ஜேர்மன் எழுத்துக் கூட்ட வராதவள். “நீங்கள் காட்டிற இடத்திலை நான் கையெழுத்து வைக்கிறன் அக்கா” என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய கடைசிக் காலம் முழுக்க இந்த மேசையில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது நேசமலருக்கு.

அதனால்தான் கெல்சென்கிர்ச்சனில் வெதுப்பகம் வைத்திருக்கிற சாந்தாவிடம் விசாரித்தாள். அவளுக்கும் முருகேசன்தான் பார்த்துக் கொடுத்தானாம். அதே கொம்பனி, அதே திட்டம்.

“இருமலுக்கும் கால்வலிக்கும் ஒரே குளிசை எழுதுற டொக்டரப்பா இவர்.”

நல்ல குளிசையாக இருந்தால் உமக்கென்ன என்று கேட்டார் விஜயரத்தினம். கேட்டதோடு நிற்கவில்லை.

“இவ்வளவு சந்தேகமெண்டால், பிறகேன் ஊன்ட்றொப்புக் கோயிலிலை அம்மாளுக்கு அன்னதானம் செய்தனீர்? காரியம் நல்லாத் தொடங்கவேணுமெண்டுதானே?”

“நானோ?” என்றாள் நேசமலர். “அது நீங்கள் எல்லோ செய்தனீங்கள்.”

கோடைத் திருவிழாவில், அத்தனை சனத்துக்கும் கேட்க, இன்றைய அன்னதானம் டோர்ட்மண்ட் விஜயரத்தினம் நேசமலர் குடும்பத்தின் உபயம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் புருசனைப் பார்த்தாள். மற்றவர் சொல்லாமல் செய்திருக்கிறார் என்று இருவருக்கும் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. அம்மாளுக்குக் கொடுத்ததைப் பற்றிக் கேட்டால் கொடுத்ததன் பலன் போய்விடும் என்று வளர்ந்தவர்கள். கேட்கவில்லை.

அன்று பக்கத்தில் நின்றது முருகேசன். சோற்றுத் தட்டோடு நிற்கையிலேயே, அம்மாள் உங்கட பேரைச் சொல்லிப்போட்டா அண்ணை, இந்த நல்ல நேரத்தோடை வேலையாட்களின்ரை அலுவலையும் தொடங்குவம் என்று முதன்முதல் பேச்செடுத்ததும் அன்றைக்குத்தான். சந்தோசத்தில் விஜயரத்தினம் அங்கேயே ஓமென்று தலையாட்டிவிட்டார்.

இப்போது அவர் ஆறிய தேத்தண்ணியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். வேறு ஆரும் சொந்தக்காரர் செய்திருப்பினமோ என்று மெதுவாகக் கேட்டார். எங்கட சொந்தக்காரர் தங்கட பேரை விட்டிட்டு எங்கட பேரிலை செய்வினமோ என்றாள் அவள்.

வாசல் மணி அடித்தது. முருகேசன்தான். ஒரு கையில் மோதகப் பெட்டி, மறுகையில் பேனை.

“அக்கா, கையெழுத்தை வைச்சிட்டு இனிப்புச் சாப்பிடுவம்.”

வழக்கமாக எழுந்து கதிரை இழுத்துப் போடுகிற விஜயரத்தினம் இன்றைக்கு அசையவில்லை. நேசமலர்தான் கதிரையைக் காட்டினாள்.

“இரும் தம்பி. அதுக்கு முதல் ஒண்டு சொல்லும். எங்கட பேரிலை அம்மாளுக்குச் சோறு போட்ட காசு உம்மடையோ, இல்லாட்டி அந்தக் கொம்பனியின்ரையோ?”